தொழில்நெறியும் ஒன்பதாம் வகுப்பும்

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கிற்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே ஒரு பள்ளி ஆசிரியனை நிறுத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குத் தொழில் பற்றிக் கற்பிப்பது எவ்வாறு என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். இலக்கிய வட்டத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு, பள்ளிக்கூடத்தால் தனித்துச் செய்ய இயலாத வேலை உண்டு என்பது என் துணிபு.

முதலில் ஒரு சொல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்ற தொடரைக் கண்டிருப்பீர்கள். 'கரியர்' என்ற ஆங்கிலச் சொல், வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வண்டித்தடம், குதிரை ஓடும் களம் என்பன அதன் பழம்பொருள்கள். அதைத் தமிழாக்கியவர் 'நெறி' என்றார். நெறி வழியும் ஆகும், ஒழுக்கமும் ஆகும். பந்தயம் அதில் இல்லை. அலுவலகப் பெயர்ப்பலகைகளில் இப்படியொரு நல்ல சொல் அரிதாகவே வாய்க்கிறது. ஆயினும் பலகையில் நெறியை எழுதிவிட்டு, வகுப்பறையில் நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவது பெரும்பாலும் குதிரைக் களத்தைத்தான்.

சிறுசேரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிப் பொருள் உண்டு. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர் இது. கிழக்கே கோவளத்தில் மீன்பிடி, தெற்கே கேளம்பாக்கத்தில் உப்பளம், நடுவே பழைய மகாபலிபுரம் சாலை. சிப்காட் வளாகம் எழுந்த பிறகு, உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஆட் வடிவமைத்த டி.சி.எஸ். கட்டடங்கள் நம் அடிவானத்தின் பகுதியாகிவிட்டன. அதே வளாகத்தில், காஞ்சிபுரத்தில் பிறந்த கணித மேதை சி.எஸ். சேஷாத்திரி 1989இல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. நாடெங்கிலுமிருந்து கணிதம் கற்க அங்கே மாணவர் வருகின்றனர். நம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்கு அப்படியொரு நிறுவனம் இருப்பது தெரியும் என்று கேட்டால், எழும் கைகளை எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்கள் போதும். அதே வகுப்பில், தாய் துப்புரவுப் பணிக்கும் தந்தை காவல் பணிக்கும் அந்த வளாகத்திற்குள் நாள்தோறும் சென்று வருகிற பிள்ளைகள் பலர். வளாகம் அவர்களுக்குத் தொலைவில் இல்லை. எந்த வாயில் வழியே நுழைவது என்பதில்தான் தொலைவு இருக்கிறது.

என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால் வரும் விடைகள் நீங்கள் அறியாதவை அல்ல. கலெக்டர், டாக்டர், போலீஸ், ஐ.டி. வேலை, பெண்பிள்ளைகளாயின் டீச்சர், நர்ஸ். நாற்பது பேருக்கு ஆறேழு விடைகள். இதைக் கண்டு பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு வேறு விளக்கம் தருகிறது. குழந்தைகள் தொழில்களைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே விலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதிற்குள் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்று ஒரு பகுதி கழிகிறது. ஒன்பது முதல் பதின்மூன்றிற்குள் 'இது நம்மைப் போன்றவர்க்கு எட்டாது, இது நமக்குத் தகாது' என்று இன்னொரு பகுதி கழிகிறது. தன் விருப்பம், தன் இயல்பு என்று பிள்ளை எண்ணத் தொடங்குவது ஏறத்தாழப் பதினான்கில்தான். அதாவது ஒன்பதாம் வகுப்பில். விருப்பத்தைக் கேட்க நாம் போய் நிற்கும்போது, முக்கால்வாசிக் கதவுகள் உள்ளிருந்தே தாழிடப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியன் முதலில் செய்ய வேண்டியது தேர்வு செய்யச் சொல்வதன்று. கழித்துவிட்டவற்றை மீண்டும் பிள்ளையின் கண்முன் வைப்பது.

இதற்கு நான் கையாளும் பயிற்சி எளியது. அந்தப் பெரிய கட்டடம் ஒரு நாள் இயங்க எத்தனை வகை வேலை வேண்டும் என்று எழுதச் சொல்வேன். பொறியாளர், காவலர், துப்புரவாளர், ஓட்டுநர் என்பதோடு முதல் ஐந்து நிமிடத்தில் பட்டியல் நின்றுவிடும். பிறகு கேள்விகள். லிஃப்ட் பழுதானால் யார் வருவார்? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்குபவர் என்ன படித்தவர்? ஆயிரக்கணக்கானோர்க்கு உணவு சமைப்பவர், அந்த உணவைப் பரிசோதிப்பவர், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர், மண்ணைச் சோதித்து அடித்தளம் குறித்தவர், வரைபடம் தீட்டியவர், ஒப்பந்தம் எழுதிய வழக்கறிஞர், தோட்டத்திற்கு மரம் தேர்ந்தவர்? வகுப்பு முடிவதற்குள் பட்டியல் கரும்பலகையை விட்டுச் சுவருக்குப் போய்விடும். இவற்றுள் பாதி பிள்ளைகளின் வீட்டாரே செய்யும் வேலைகள். அவற்றிற்கு முறையான படிப்பும் மேற்படியும் உண்டு என்பதுதான் அவர்கள் அறியாதது.

இனி, தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்றவுடனே எழும் அச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1953இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த நினைவு மங்கவில்லை. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தது அந்த நினைவின் தொடர்ச்சியே. இந்த அச்சம் நியாயமானது. 'உன் கைக்கு எது வரும்' என்று ஒரு பிள்ளையிடம் கேட்கும் ஆசிரியன், அப்பிள்ளையின் தந்தை யார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டானாயின், அவன் கையிலிருப்பது வழிகாட்டி நூலாயினும் உள்ளிருப்பது 1953தான்.

அதற்காகப் பெற்றோரின் அறிவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதும் எனக்கு உடன்பாடன்று. கோவளத்திற்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றை இதற்காகவே வகுப்பில் சொல்கிறேன். தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த மக்கள் இருளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை முடக்கின. தொழில் போயிற்று, அறிவு போகவில்லை. எந்தப் புற்றில் எந்தப் பாம்பு இருக்கும், தடம் புதியதா பழையதா என்பதெல்லாம் அவர்களிடமே இருந்தன. முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு சங்கம் உருவாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அதன் முறை. அந்த நஞ்சு நஞ்சுமுறி மருந்து செய்வோர்க்குச் செல்கிறது. கொல்வதற்குப் பயன்பட்ட அதே அறிவு உயிர் காக்கப் பயன்பட்டது. நம் மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடா சென்று மலைப்பாம்பு பிடித்துக் காட்டினர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

இதைக் கேட்ட மாணவர் வியப்படைவர். அப்போது நான் இரண்டாவது கேள்வியைப் போடுவேன்: அவர்கள் வீட்டுப் பிள்ளை என்ன படிக்க வேண்டும்? 'பாம்பு பற்றி' என்று சிலர் சொல்வர். ஏன், கணிதம் படிக்கக் கூடாதா என்று எங்கிருந்தாவது ஒரு குரல் எழும். எழாவிட்டால் நானே எழுப்புவேன். தந்தையின் அறிவைப் பெருமையோடு அறிந்திருப்பது பிள்ளையின் உரிமை. அதை விட்டு வேறிடம் செல்வதும் உரிமை. இரண்டையும் ஒரே பாடவேளைக்குள் சொல்லியாக வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

திட்டமிடல் என்ற பகுதியைச் சுருக்கமாகவே கூறுகிறேன். ஏனெனில் அது பெரிதும் தகவல். பத்தாம் வகுப்பிற்குப் பின் எடுக்கும் பாடப்பிரிவு சில வாயில்களை அடைத்துவிடும்: பொதுவாகப் பொறியியலுக்குக் கணிதமும் மருத்துவத்திற்கு உயிரியலும் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் அவ்வாறே சேரலாம். 'பத்தாவதோடு முடிந்தது' என்று எவரும் கைவிடப்பட வேண்டியதில்லை. மருத்துவச் சேர்க்கையில் 2020 முதலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் உயர்கல்வி பயில்வோர்க்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கின்றன. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்பதே இவற்றிற்கு அடிப்படை. நல்ல எண்ணத்தோடு கடன் வாங்கி, மேல்நிலை வகுப்பிற்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் இதை அறிந்தா மாற்றுகின்றனர்? ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பள்ளிகளில் வழிகாட்டலுக்கு இடம் ஏற்படுத்தியிருப்பது பெரும் வாய்ப்பு. ஆனால் வழிகாட்டல் என்பது கல்லூரிப் பெயர்களின் அட்டவணையாகச் சுருங்கிவிடக் கூடாது.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அட்டவணையில் ஒரு வேலையின் பெயர் இருக்கும், படிப்பு இருக்கும், ஊதியம் இருக்கும். அந்த வேலையைச் செய்யும் மனிதன் இருக்கமாட்டான். அவனைச் சொல்லத் தெரிந்தவர்கள் எழுத்தாளர்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று, கண்டு, கேட்டு 'கரிப்பு மணிகள்' நாவலைப் படைத்தார். அந்தக் கேட்கும் முறையைத்தான் மாணவர்க்குப் பழக்க விரும்புகிறேன். காலையில் முதலில் எதைத் தொடுவீர்கள்? இந்த வேலை உடம்பில் எங்கே வலிக்கும்? மழைக்காலத்தில் வருமானம் உண்டா? கைப்பழக்கம் வர எத்தனை ஆண்டு ஆயிற்று? ஐம்பது வயதிலும் இதைச் செய்ய முடியுமா? உங்கள் பிள்ளை இதைச் செய்வதை விரும்புவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே விடை சொல்வதில்லை. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுமாறு மாணவரிடம் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்களால் மட்டுமே சொல்ல முடியும். சங்கப் புலவர் பலர் தம் தொழிலைப் பெயரோடு சுமந்தனர்: கூலவாணிகன் சாத்தனார், அறுவை வாணிகன் இளவேட்டனார், மருத்துவன் தாமோதரனார், பொற்கொல்லனார், கணக்காயனார். நம் காலத்திலும் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார், தி. ஜானகிராமன் வானொலியில் பணியாற்றினார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். வண்ணதாசன் வங்கியில் இருந்தார். சோறு தரும் வேலையும் உயிர் நிற்கும் வேலையும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அச்சுறுத்துகிறோம். பத்தாண்டுகளாக மாதந்தோறும் இங்கே கூடும் நீங்கள் ஒவ்வொருவரும் அதற்கு மறுப்பாக அமர்ந்திருக்கிறீர்கள். இருவேறு வேலைகளை ஒரே நாளில் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள், எது எதைத் தின்றுவிடுகிறது என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

ஆகவே வட்டத்திற்கு என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டில் மாதம் ஒரு பாடவேளை, உறுப்பினர் ஒருவர் வகுப்பிற்கு வர வேண்டும். கவிதை வாசிக்க வேண்டாம். அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அன்றாட வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். வேலைக் கருவி ஏதேனும் இருந்தால் கையில் கொண்டு வாருங்கள். மாணவர் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்பர், விடைகளை எழுதுவர். அவற்றுள் தேர்ந்தவற்றிற்கு அடுத்த மலரில் நான்கு பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்று பதிப்புக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். இரவுப்பணி பார்க்கும் உறுப்பினர்கள் பகலில் வருவது கடினம் என்பதை அறிவேன். ஆயினும் முதலில் வர வேண்டியவர்கள் அவர்களே என்று கருதுகிறேன். தலைமையாசிரியரிடம் இசைவு பெறுவது என் பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக ஓர் ஏடு வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது.