உறையில் வைத்த பணம்

தாராவியிலோ செம்பூரிலோ மாலைவேளையில் பந்துதைத்துத் திரியும் தமிழ்ப் பையன் ஒருவனை, மாட்டுங்காவிலுள்ள கல்லூரியொன்று தன் அணியில் சேர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் சலுகை, ஒரு ஜோடி பூட்ஸ், ஆட்டநாளில் சிற்றுண்டி. இவற்றில் குற்றம் யாதுமில்லை. பிறிதொரு நாள் கனவான் ஒருவர் வந்து, "வைத்துக்கொள் தம்பி, எவரிடமும் சொல்லாதே" என்று ஓர் உறையை நீட்டுகிறார். நேயர்களே, அவ்வுறையைப் பற்றியே இன்று நாம் பேசப்போகிறோம்.

இத்தகைய உறைகள் பெரும் புயலைக் கிளப்பிய நாடு அமெரிக்கா. அங்கே கால்பந்து என்பது நம் ஆட்டமன்று. பந்தைக் கையிலேந்தி ஓடி, மோதி வீழ்த்தும் வேறோர் ஆட்டம். கல்லூரி ஆட்டத்துக்கே லட்சம் பேர் கூடுவதுண்டு. வருவாயெல்லாம் கல்லூரிக்கு; ஆடுவோனுக்குப் படிப்பும் உண்டி உறையுளும் மட்டுமே என்பது அங்கு நெடுங்காலம் இருந்த விதி.

டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், 13 ஆட்டக்காரர்களுக்கு ரகசிய நிதியிலிருந்து ஏறக்குறைய 61,000 டாலர் கொடுக்கப்பட்டது அம்பலமாயிற்று. 1987ஆம் ஆண்டு ஆட்டங்கள் அனைத்தும் ரத்தாயின. மறு ஆண்டும் அப்பல்கலைக்கழகம் களமிறங்கவில்லை. காசு தொடாத பையன்களும் வேறு கல்லூரி தேடிப் போயினர். பின்னர் வெளிவந்த செய்திதான் வியப்பானது. அந்நிர்வாகக் குழுவின் தலைவராயிருந்த பில் கிளெமென்ட்ஸ், பணம் தொடர்ந்து வழங்கப்படத் தாமும் இசைந்ததாக ஒப்புக்கொண்டார். அப்போது அவர் டெக்ஸாஸ் மாநிலக் கவர்னர்! 1991 வரை அப்பதவியிலேயே நீடித்தார். பழி இளைஞர் தலையில் விழுந்த வேகத்தில் பெரியோர் தலையில் விழவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ரெஜி புஷ் என்பார் 2005இல் அந்நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். அவர் குடும்பத்தார் வாடகையின்றி ஒரு வீட்டில் குடியிருந்தது முதலான சலுகைகள் முறையற்றவை எனக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2010இல் தீர்மானிக்கவே, விருதைத் துறந்தார். 2021இல் விதி மாறிற்று. தம் பெயரையும் படத்தையும் கொண்டு மாணவர் வெளிப்படையாகவே பொருளீட்டலாம் என்றாயிற்று. 2024இல் விருது அவரிடமே மீண்டது.

மும்பையில் பணம் வேறு வழியாக வந்தது. டாட்டா, மபத்லால், மகிந்திரா முதலிய கம்பெனிகள் ஆட்டக்காரருக்கு உத்தியோகம் தந்து ஆடவைத்தன. சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. புனேயை அடுத்த கட்கியில் பிறந்த நம் தமிழர் தன்ராஜ் பிள்ளை, மகிந்திரா ஹாக்கி அணியில் ஆடியவரே. ஆயினும் அணி நிலையானதன்று. 2006இல் தேசிய லீக் கோப்பையை வென்ற மகிந்திரா யுனைடெட் கால்பந்து அணி, 2010இல் கலைக்கப்பட்டது. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு அணிக்கு ஓடும் பையனின் பெற்றோர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உறை கொணரும் கனவானை வீட்டுக்கே அழையுங்கள். காப்பி கொடுங்கள். பணம் யாருடையது, எதற்காக என்று கேட்டு, அதைக் கல்லூரி முதல்வர் அறியக் கடிதமாக எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதித் தருவாராயின் அது உதவித்தொகை. காப்பி ஆறுமுன் எழுந்து போய்விட்டாரானால், பையனுக்குப் பூட்ஸ் வாங்கும் செலவை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.