தனி இடம் எதற்கு?

(புதிய குடியிருப்பைப் பற்றி ஆலோசிக்கக் கூடிய ஊர்ப் பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நமது ஊருக்கு மேற்கே சர்க்கார் கட்டிவரும் குடியிருப்பில் நூற்றுக்கு 5 வீடுகள் கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள், மனநோயிலிருந்து தேறி வருகிறவர்கள் ஆகியோருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதைத் தடுக்க வேண்டுமென்று ஒரு மகஜர் தயாராகி, வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கப்படுகின்றது. நம்மிடமும் கொண்டு வந்தார்கள். நாம் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லவே இங்கு வந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். கையெழுத்துப் போட்டவர்களைத் திட்ட நமக்கு யோக்கியதை கிடையாது. நமது சிறிய தகப்பனாருக்கு ஒரு மகன் உண்டு. பேச்சு வராது, வலிப்பு வரும். நமது தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று அவனை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டினோம். பூட்டியது வேறு யாருமல்ல, நாமேதான். அப்போது நமக்கு வயது 18. சாவி நமது மடியிலேயே இருந்தது. சம்பந்தமும் முடிந்தது. அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டிய சத்தம் மட்டும் இன்னும் முடியவில்லை. ஆகவே நாம் பேசுவது உபதேசமல்ல, பட்ட புத்தி.

இப்படிப் பிறந்தது பூர்வ ஜென்ம பாபம் என்கிறார்கள். பாபம் செய்தவன் யார், என்ன பாபம், யார் பார்த்தது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஆனால் தண்டனை கொடுக்க மட்டும் ஊரே தயாராய் இருக்கின்றது! நோய்க்குக் காரணம் மூளையிலும் நரம்பிலும் இரத்தத்திலும் விபத்திலும் இருக்கின்றதேயொழிய, எந்தக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலும் இல்லை.

நிற்க. "அவர்களுக்கு வீடு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லையே, தனியாக ஓர் இடத்தில் கட்டிக் கொடுக்கட்டும்" என்கிறார்கள். தோழர்களே! இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? தனித் தெரு, தனிக் கிணறு, தனி டம்ளர் என்று நம்மவர்களுக்குச் சொன்னபோது இதே வார்த்தைதானே சொன்னார்கள்? அன்று நமக்குச் சுருக்கென்று தைத்த முள்ளை இன்று நாமே எடுத்து இன்னொருவன் பாதையில் போடலாமா?

தனி இடம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி இருக்கின்றது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவுக்குப் போனால் பித்தம் தெளியும் என்று நம்பி, மனநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தனியார் சிலர் காசு வாங்கிக்கொண்டு கொட்டகை போட்டு அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன் அப்படிப்பட்ட ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியோடு இருந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? மொத்தம் 28 பேர் மாண்டார்கள். பிறகுதான் அக்கொட்டகைகள் மூடப்பட்டன. அத்தனை காலமும் அவர்களைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் "தனி இடத்தில் பத்திரமாய் இருக்கின்றான்" என்றுதானே நிம்மதியாய்த் தூங்கினார்கள்?

இனி இன்னோர் ஊரைப் பாருங்கள். பெல்ஜியம் தேசத்தில் கேல் என்று ஓர் ஊர். அங்கேயும் இதே நம்பிக்கைதான். திம்ப்னா என்கிற கிறிஸ்தவப் புனிதவதியின் கோயிலுக்குப் போனால் பித்தம் தெளியுமென்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூட்டம் வந்தது. கோயில் விடுதியில் இடம் போதவில்லை. ஆனால் அவ்வூரார் சங்கிலி தேடவில்லை. தங்கள் வீட்டிலேயே பாயும் சோறும் கொடுத்தார்கள். 1850-க்குப் பின் சர்க்காரும் வைத்தியர்களும் மேற்பார்வைக்கு வந்தார்கள். 1930-களின் கடைசியில் 3,500-க்கு மேற்பட்டவர்கள் அப்படி வீடுகளில் இருந்தார்கள். இன்று தொகை வெகுவாகக் குறைந்திருந்தாலும் வழக்கம் நிற்கவில்லை. அவர்களை அங்கே நோயாளி என்று அழைப்பதில்லை, வீட்டோடு தங்குகிறவர் என்றே அழைக்கிறார்கள்.

இரண்டு ஊரிலும் அற்புதம் நடக்கவில்லை. ஓர் ஊரில் சங்கிலி இருந்தது, மற்றோர் ஊரில் பக்கத்து வீடு இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவும் அதில்தான் இருக்கின்றது.

வெள்ளைக்காரன் தேசத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்பீர்களானால், சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன் என்னும் ஸ்தாபனம் 2015 முதல், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில், சாதாரணத் தெருக்களில் குடிவைத்து வருகின்றது. அவர்களும் சந்தைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள்.

"மனை விலை இறங்கிவிடுமே" என்கிறார் ஒரு தோழர். நாளை அவருக்கே பாரிசவாயு வந்து கால் விழுந்தால், மனை விலை இறங்குமென்று அவரைத் தெருவை விட்டு அனுப்பச் சம்மதிப்பாரா? "பிள்ளைகள் பயப்படுமே" என்கிறார் இன்னொருவர். பிள்ளை பயப்படுவது பார்த்ததனால் அல்ல, பார்க்காததனால்தான். கூடவே வளர்ந்த பிள்ளைக்கு ஏது பயம்?

கஷ்டமே வராது என்று பொய் சொல்ல நாம் வரவில்லை. ஒருவர் இரவில் கூச்சலிடலாம். ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டுத் தெருவில் அலையலாம். குடித்துவிட்டு அலைகிறவனை ஊரை விட்டா துரத்துகிறோம்? ஆகவே கேட்க வேண்டியது ஆளை விலக்கும்படியல்ல, உதவியை வரவழைக்கும்படி.

அன்றியும் இது யாரும் போடும் பிச்சையல்ல. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லோரையும் போல ஊருக்குள் வாழ அவர்களுக்கு உரிமை உண்டென்றும், வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 ஒதுக்க வேண்டுமென்றும் சொல்லுகின்றது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்திருக்கின்றது. ஆனால் சட்டம் கதவைத் திறந்துவிடுமே தவிர, "வாருங்கள், உட்காருங்கள்" என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஆதலால் தோழர்களே! அந்த மகஜரைக் கிழித்தெறியுங்கள். வேறொன்று எழுதுவோம். வாசலில் படிக்குப் பதில் சரிவுப் பாதை வேண்டும். சக்கர நாற்காலி நுழையும்படி கதவு அகலமாக வேண்டும். கக்கூசில் கைப்பிடி வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியர் தவறாமல் வர வேண்டும். பஸ் அங்கே நிற்க வேண்டும். சரிவுப் பாதையில் நமது வீட்டுக் கிழவிகளும் கர்ப்பிணிகளும் நடப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த மகஜரில் முதல் கையெழுத்து நம்முடையது. இதோ, பேனா.