திருநாதர் குன்று



செஞ்சிக்குச் செல்லும் நம்மவர் பலரும் கோட்டையைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அண்மையில், சிறுகடம்பூரை ஒட்டி நிற்கும் திருநாதர் குன்றுக்கு வருவோர் சிலரே. ஏற்றம் பெரிதன்று. மேலே நின்றால் கோட்டை மலைகளும் அவற்றைச் சூழ்ந்த வயல்வெளியும் ஒருசேரப் புலப்படும்.

காட்சிக்காக மட்டும் ஏறினாலும் பழுதில்லை. ஆயினும் அங்குள்ள பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்கின்றனர். கல்வெட்டோ மிகச் சிறியது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த இடம் என்பதே அதன் செய்தி. அரசன் பெயரில்லை, ஆண்டில்லை, கொடையில்லை. ஆசிரியர் என்ற சொல் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதில் எம் போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இளையபட்டாரர் 30 நாள் நோற்றதை மற்றொரு கல்வெட்டு கூறும்.

உண்பதற்குரிய விளைவெல்லாம் கண்முன் விரிந்திருக்க, மேலே ஒருவர் உணவைத் துறந்து அமர்ந்திருந்தார். அக்காட்சியை வேறெந்தக் குன்றிலும் நான் இவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வெழுத்துகளைப் படிக்கவல்ல பிள்ளைகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்? பாறையில் தன் பெயரைக் கீறும் ஒருவனுக்கு அதனை அழிக்க ஒரு நாழிகை போதும்.

மேல்சித்தாமூர்த் தேருக்கு வரும் குடும்பங்கள் மறுநாட் காலை இங்கு ஏறலாம். வெயிலுக்கு முன் புறப்படுங்கள். தண்ணீர் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகள் அவ்வரியைப் பார்த்துத் தாளில் எழுதட்டும். எழுத்தின்மேல் சுண்ணமோ கரியோ பூச வேண்டா.