ஊசியின் குற்றத்தை உறவின் மேல் சுமத்தாதீர்!

(கெலவரப்பள்ளி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓசூர் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி இருப்பதாகத் தெரிந்தால், முதலில் எழும் கேள்வி என்ன? "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்பதுதான். வியாதி மனைவிக்கு என்றால் கேள்வியே கிடையாது. தாய்வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தோழர் என்றால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். இந்த அநியாயம் அறியாமையில் பிறக்கிறது. ஆகவே இதை நாம் கூச்சமின்றிப் பேசியாக வேண்டும்.

இது ஈரலை அரிக்கும் கிருமி. இது பரவும் பிரதான வழி ரத்தம். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவது, போதை ஊசியைப் பகிர்வது, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றுவது, சுத்தம் செய்யாத பல் வைத்தியக் கருவி, பச்சை குத்தும் ஊசி, பிறர் சவரக்கத்தி ஆகியவையே அதன் பாதைகள். கிருமியுள்ள தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத் தொற்றலாம். ஒரே தட்டில் உண்பதாலோ, தழுவுவதாலோ, கொசுக்கடியாலோ பரவாது.

உடலுறவால் பரவுமா? பரவலாம், ஆனால் அபூர்வம். ஒருவருக்கு ஒருவராக வாழ்ந்த 500 தம்பதிகளை ஆராய்ந்து 2013இல் அமெரிக்காவில் வெளியான கணக்கு, சுமார் 1,90,000 உறவுகளுக்கு ஒரு தடவை என்கிறது. ரத்தம் கசியும் புண், எச்.ஐ.வி. தொற்று, பலருடன் உறவு இருந்தால் அபாயம் கூடும். அங்கே ஆணுறை அவசியம்.

கிருமி பல வருஷங்கள் அறிகுறியின்றி உடலில் தங்கும். சிறுவயதில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி நாற்பதாவது வயதில் கணக்குக் கேட்கும். எனவே பரிசோதனைச் சீட்டு யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியல்ல!

எகிப்தைப் பாருங்கள். நத்தைவழிப் புழுநோயை ஒழிக்க 1980கள் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். சரிவரக் கொதிக்கவைக்காத ஊசிகள் லட்சோபலட்சம் விவசாயிகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்தன. அதே நாடு 2018 அக்டோபரில் தொடங்கி ஏழே மாதங்களில் சுமார் 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, இலவச மருந்தும் கொடுத்தது.

மருந்து உண்டு, தோழர்களே! பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2013இல் இந்த மருந்தை அமெரிக்கக் கம்பெனி 84,000 டாலருக்கு விற்றது. அதன் உற்பத்திச் செலவு 136 டாலருக்கு மேல் போகாது என்று 2014இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். லாப வேட்டைக்கு வேறு சாட்சி வேண்டுமா? பஞ்சாபில் 2016இலும், தேசியத் திட்டத்தின் கீழ் 2018 ஜூலையிலும் இலவச சிகிச்சை தொடங்கியது. தடுப்பூசி மட்டும் இன்னும் இல்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மாத்திரை போதுமென்றால் ஊசி கேட்காதீர்கள். ஊசி அவசியமென்றால் புதிய உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். 2002க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆலை வாசலிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இலவசப் பரிசோதனை நடத்த சர்க்காரை வற்புறுத்துவோம். வியாதியைச் சொல்லி எவரையும் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ விரட்ட அனுமதியோம்!