இமாம் புகாரி: சொல் வந்த வழியைத் தேடிய சான்றோர்



இறையனார் களவியலின் உரை, தான் வந்த வழியைத் தானே கூறுகிறது. நக்கீரர் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பதின்மர் பெயரை அது வரிசைப்படுத்துகிறது. ஆகவே, ஒரு சொல் யார் வாயிலாக வந்தது என்று கேட்பது தமிழுக்குப் புதியதன்று. அந்த வினாவையே வாழ்நாள் முழுதும் கேட்டு, அதற்காக ஊரையும் உறவையும் இழந்தவர் இமாம் புகாரி.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு இஸ்மாயீல் என்பது அவர் இயற்பெயர். ஹிஜ்ரி 194, ஷவ்வால் மாதத்தில் (கி.பி. 810) நடு ஆசியாவின் புகாரா நகரில் பிறந்தார். நபிமொழி கற்ற தந்தையார் மகனின் இளமையிலேயே மறைந்தார். சிறுவயதில் பார்வை இழந்த மகனுக்குத் தாயின் இடையறாத வேண்டுதலால் பார்வை மீண்டது என்று வரலாற்று நூல்கள் கூறும். அந்தத் தாயே அவரைக் கல்வியில் ஆளாக்கினார்.

நபிமொழி ஒவ்வொன்றும் இரு பகுதிகளை உடையது. ஒன்று செய்தி, மற்றொன்று அச்செய்தியைக் கேட்டுச் சொன்னவர்களின் வரிசை. இவ்வரிசையை இஸ்னாத் என்பர். இதில் ஒரு பெயர் பிறழ்ந்தாலும் செய்தி ஐயத்திற்கு உரியதாகிவிடும். பதினொரு வயதளவில் புகாரி, ஆசிரியர் ஒருவர் பாடத்தில் அத்தகைய பிழையொன்றைச் சுட்டினார். ஆசிரியர் முதலில் கடிந்துகொண்டார். பின்னர் வீட்டினுள் சென்று மூலச்சுவடியைப் பார்த்துத் திரும்பி, மாணவரின் எழுதுகோலையே வாங்கித் தம் ஏட்டைத் திருத்திக்கொண்டார். பிழை காட்டிய சிறுவரையும் பிழையை ஒப்பிய ஆசிரியரையும் ஒருங்கே போற்றத் தோன்றுகிறது.

பதினாறாம் வயதில் தாயுடனும் தமையனுடனும் மக்கா சென்றார். ஹஜ்ஜை முடித்து அவர்கள் ஊர் திரும்ப, அவர் கல்விக்காக அங்கேயே தங்கினார். பின்னர் மதீனா, பஸ்ரா, கூஃபா, பக்தாத், சிரியா, எகிப்து எனப் பல நாடுகளுக்கும் பயணமானார். அறிவிப்பாளர்களின் வரலாற்றைத் தொகுத்த அத்தாரீகுல் கபீர் என்னும் பெருநூலை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தருகே நிலவொளி இரவுகளில் எழுதியதாக அவரே கூறியுள்ளார். நல்லொழுக்கம் பேசும் அல் அதபுல் முஃப்ரத் அவருடைய மற்றொரு நூல்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஸஹீஹுல் புகாரியே. நம்பகமான நபிமொழிகளை மட்டும் சுருக்கமாகத் தொகுக்கும் நூல் ஒன்று வேண்டும் என்ற விருப்பம் ஆசிரியர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹியின் அவையில் எழுந்தது, அதுவே வித்தாயிற்று. பதினாறு ஆண்டுகள் உழைத்து, ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பர். ஒரே செய்தி பல வழிகளில் வரின் ஒவ்வொரு வழியும் தனியே எண்ணப்படும். இன்று வழங்கும் எண்முறைப்படி நூலில் 7,563 அறிவிப்புகள் உள்ளன. மீண்டும் வருவனவற்றை நீக்கினால் ஏறத்தாழ 2,600 எஞ்சும். விடப்பட்டவை அனைத்தும் பொய்யல்ல. நூல் விரியும் என்று அஞ்சி, நம்பத்தக்கனவற்றுள்ளும் பலவற்றை விட்டதாக அவரே கூறினார். எழுதுவோர்க்கு இவ்வடக்கம் எளிதில் வாய்ப்பதன்று.

அறிவிப்பவரும் அவர் ஆசிரியரும் ஒரே காலத்தில் வாழ்ந்தமை மட்டும் அவருக்குப் போதவில்லை. அவர்கள் நேரில் சந்தித்தமைக்கும் சான்று வேண்டினார். ஒவ்வொரு நபிமொழியைப் பதியும் முன்னும் நீராடி இரண்டு ரகஅத் தொழுதார். அறிவிப்பாளர்களைக் குறைகூற நேர்ந்தபோதும் கடுஞ்சொல் பெரும்பாலும் ஆளவில்லை. இவரைப் பற்றிக் கற்றோர் வாய்மூடினர் என்ற அளவில் அவர் எழுதினால், அதுவே அக்கலையில் வன்மையான தீர்ப்பாயிற்று.

அவருடைய நேர்மை கடுஞ்சோதனைக்கு உள்ளான இடம் நைசாபூர். அந்நகரின் பேரறிஞர் முஹம்மத் இப்னு யஹ்யா அத்துஹ்லீ முதலில் தம் மாணவரையே புகாரியிடம் சென்று கேட்குமாறு ஏவினார். பின்னர் ஒரு கருத்து வேறுபாடு மூண்டது. குர்ஆன் படைக்கப்படாத இறைவாக்கு என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். ஆயின் அதை ஓதும் மனிதரின் செயல் படைக்கப்பட்டதே என்றார் புகாரி. அது கேட்ட துஹ்லீ, புகாரியின் அவைக்குச் செல்வோர் தம் அவைக்கு வரலாகாது எனத் தடுத்தார். கூட்டம் கலைந்தது. உறுதியாக உடன்நின்ற மாணவர் இமாம் முஸ்லிம், துஹ்லீயிடம் கேட்டு எழுதிய ஏடுகளையெல்லாம் ஒரு சுமையாளிடம் கொடுத்து அவர்க்கே திருப்பி அனுப்பினார். புகாரி நைசாபூரை விட்டு நீங்கினார்.

எனினும் ஸஹீஹுல் புகாரியைப் புரட்டுவோர் அதே துஹ்லீ வாயிலாக வந்த நபிமொழிகள் பலவற்றைக் காணலாம். பெயரை முழுமையாகக் குறிக்காமல் முஹம்மத் என்று மட்டுமோ, தந்தையை விடுத்து முன்னோர் பெயரோடு இணைத்தோ எழுதியுள்ளார். இதற்கு உரையாசிரியர்கள் பல காரணம் கூறுவர். பெயரை விரித்து எழுத மனம் இடங்கொடாதிருந்திருக்கலாம். ஆயினும் செய்தி உண்மை, அதனைச் சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதால் அதை நீக்க அறிவு இசையவில்லை. தம்மைத் துரத்தியவரின் சான்றாண்மைக்குத் தம் நூலிலேயே இடமளித்த பெருமை இதில் விளங்குகிறது.

தாயகம் மீண்ட பின்னும் அமைதி கிட்டவில்லை. புகாராவின் ஆளுநர் தம் மாளிகைக்கு வந்து தம் மக்களுக்குக் கற்பிக்க அழைத்தார். கல்வியைத் தேடி மாணவரே வரவேண்டும், ஒரு சிலர்க்கென்று அதை ஒதுக்கலாகாது என்று மறுத்தார் இமாம். விளைவு நாடு கடத்தல். சமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்னும் சிற்றூரில் உறவினர் வீட்டில் ஒதுங்கினார். உலகம் இத்துணை விரிந்திருந்தும் தமக்குக் குறுகிவிட்டது என்று இறைவனிடம் முறையிட்டார் என்பர். ஹிஜ்ரி 256 (கி.பி. 870), நோன்புப் பெருநாளின் முன்னிரவில் மறைந்தார்.

அவரைத் துரத்திய ஆளுநரின் பெயர் இன்று அவர் வரலாற்றின் ஓரத்தில்தான் வாழ்கிறது. நூலோ திசையெங்கும் சென்றது. எகிப்தின் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ அதற்கு ஃபத்ஹுல் பாரீ என்னும் பேருரை வகுத்தார். தமிழகத்துக் காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் முப்பது நாள் அவை கூடி அந்நூலை ஓதி விளக்குகின்றனர்.

அந்நூலின் முதல் செய்தி செயலுக்கு அடிப்படையான எண்ணத்தைப் பற்றியது. இறுதிச் செய்தி நாவுக்கு எளியவாய்த் துலாக்கோலில் கனக்கும் துதிச்சொற்களைப் பற்றியது. எண்ணத்தில் தொடங்கிச் சொல்லில் முடியும் இவ்வமைப்பு, சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் நின்று எண்ணுதற்குரியது.