பொது வெளி யாருக்கு? மும்பை மாநகராட்சி தரும் பாடங்கள்

(நகர்ப்புற உள்ளாட்சி குறித்த பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மாநகராட்சி அரசியல் என்றவுடன் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவையே பலரது நினைவுக்கு வருகின்றன. அவை முக்கியமானவையே. ஆனால், மாமன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பக்கங்களில் இடம்பெறும் வேறு சில பொருள்களும் உண்டு. விளம்பரப் பலகை வைக்க உரிமம், குழாயும் கம்பியும் கொண்டுசெல்ல அனுமதி, மாநகராட்சியின் வாகனங்களுக்கான ஒப்பந்தம் ஆகியவை பெரும்பாலும் விவாதமின்றி நிறைவேறிவிடுகின்றன. நகரத்தின் நிலம், சாலை, ஆகாயம் ஆகியவற்றின் மீது யாருக்கு அதிகாரம் என்பதைத் தீர்மானிப்பவை இந்தச் சிறிய தீர்மானங்கள்தாம்.

இதனை விளங்கிக்கொள்ள மும்பையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. நாட்டிலேயே மிக அதிக நிதிவளம் கொண்ட மாநகராட்சி அது. 2025-26ஆம் ஆண்டுக்கான அதன் வரவு செலவுத் திட்டம் 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பணப் பற்றாக்குறை என்ற வழக்கமான சமாதானம் அங்கே செல்லாது. அங்கு நிகழும் ஒவ்வொரு புறக்கணிப்பும் ஓர் அரசியல் முடிவு.

ஒரு பலகையும் பதினேழு உயிர்களும்

2024 மே 13 அன்று மாலை புழுதிக் காற்றுடன் மழை வீசியபோது, காட்கோபர் பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பலர் ஒதுங்கி நின்றனர். அதையொட்டி நிறுவப்பட்டிருந்த மாபெரும் விளம்பரப் பலகை அவர்கள் மீது சரிந்தது. 17 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மாநகராட்சி விதிகளின்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையோ 120 அடிக்கு 120 அடி. அதாவது, பரப்பில் ஒன்பது மடங்கு. ஒரு பெருநகரின் பரபரப்பான சாலையோரத்தில், அனைவரின் கண்ணெதிரே அது நின்றது. அந்த நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. தனது அனுமதி பெறப்படவில்லை என்று மாநகராட்சி விபத்துக்குப் பிறகு அறிவித்தது. நிலத்தை வைத்திருந்த துறை அனுமதித்தது. நகரத்தை ஆளும் அமைப்போ கைகட்டி நின்றது.

இதை ஓர் ஒப்பந்தக்காரரின் பேராசை என்றோ, ஓர் அதிகாரியின் முறைகேடு என்றோ மட்டும் முடித்துவிட முடியாது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ரயில்வே, துறைமுகம், காவல்துறை என ஒவ்வொரு துறையும் தன் வசமுள்ள நிலத்தை வருவாய்க்கான சரக்காகப் பார்க்கும் சூழலில் இத்தகைய பலகைகள் முளைக்கவே செய்யும். பொது நிலத்தைப் பணமாக்குவதே நிர்வாகத் திறமை என்று கற்பிக்கப்பட்டு வருகிறது. காற்று வீசும் திசை நில எல்லையைப் பார்ப்பதில்லை. விழுகின்ற பலகை, கீழே நிற்பவர் எந்தத் துறையின் நிலத்தில் நிற்கிறார் என்று கேட்பதில்லை.

இதில் நிதிக் கேள்வியும் அடங்கியுள்ளது. அரசமைப்பின் 101ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலில் 55ஆவது இனமாக இருந்த விளம்பர வரியை நீக்கியது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிகள் விளம்பரங்கள் மீது வரி விதிப்பதற்கான அடிப்படையே போய்விட்டது. எஞ்சியது உரிமக் கட்டணம் மட்டுமே. அதே நாளில் மும்பை மாநகராட்சியின் மிகப்பெரிய வருவாய் இனமாக இருந்த ஆக்ட்ராய் நுழைவு வரியும் முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாக மாநில அரசு தரும் தொகையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை உருவானது. வரி விதிக்கும் உரிமையை இழந்த உள்ளாட்சி, அனுமதிச் சீட்டை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

குழாயும் கம்பமும்

பொது வெளியின் இன்னொரு பகுதி கண்ணுக்குத் தெரியாதது. சாலைக்குக் கீழே செல்லும் குழாய்களும், கம்பங்களின் மேல் செல்லும் கம்பிகளும் நகரத்தின் நாடி நரம்புகள். அவற்றை அணுகும் உரிமை யாருக்கு எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசு 2016இல் வழியுரிமை விதிகளை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் விண்ணப்பத்தின் மீது உள்ளாட்சி 60 நாள்களுக்குள் முடிவெடுக்காவிட்டால், அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்றன அவ்விதிகள். 2022இல் செய்யப்பட்ட திருத்தம் தெருக்கம்பங்களுக்கும் விலை குறித்தது. ஒரு கம்பத்தில் அலைபரப்புக் கருவியைப் பொருத்த நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய். கிராமப்புறத்தில் 150 ரூபாய். மக்கள் பணத்தில் நடப்பட்ட கம்பத்திற்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட வாடகை இல்லை. இந்த விலையை முடிவு செய்தது கம்பத்தின் உரிமையாளரான உள்ளாட்சி அல்ல, புது தில்லி. தொலைத்தொடர்பு வசதி மக்களுக்குத் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தேவையின் பெயரால் பொதுச் சொத்து யாருக்கு மலிவாகத் தரப்படுகிறது என்பதே கேள்வி.

இனி, அதே நகரத்தில் குடிநீர்க் குழாய் கேட்டு விண்ணப்பிக்கும் ஏழைக் குடும்பத்தின் நிலையைப் பாருங்கள். மும்பையில் குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர் தரும் கொள்கை 'கெடு தேதி' ஒன்றைச் சுற்றியே அமைந்திருந்தது. முதலில் 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1. அந்தத் தேதிக்குப் பிறகு குடியேறியவர்களின் வீடு சட்டவிரோதமானது. ஆகவே அவர்களுக்குத் தண்ணீரும் இல்லை என்பதே நிர்வாகத்தின் வாதம். கட்டுமானத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண், குப்பை பொறுக்குவோர் ஆகியோரின் உழைப்பு நகரத்திற்குத் தேவை; அவர்களின் தாகம் மட்டும் சட்டவிரோதம்.

பானி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிநீர் பெறும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி; குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காகத் தண்ணீரை முற்றாக மறுக்க முடியாது என்று அது கூறியது. அதேவேளையில், அவர்களிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம் என்றும் இடமளித்தது. அனைவருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவிப்பதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் கம்பிக்கு 60 நாள். குடிசைவாசியின் தண்ணீருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் மேல். நவதாராளமய நகரத்தின் வர்க்கத் தன்மையை விளக்க இந்த ஓர் ஒப்பீடே போதும்.

சக்கரங்கள் யாருடையவை?

மூன்றாவது பொருள் வாகனங்கள். 1947 ஆகஸ்ட் 7 அன்று, விடுதலைக்கு ஒரு வாரத்திற்கு முன்பு, தனியார் நிறுவனத்திடமிருந்து மும்பையின் மின்விநியோகத்தையும் போக்குவரத்தையும் மாநகராட்சி ஏற்றெடுத்தது. 'பெஸ்ட்' என்று மக்கள் அழைக்கும் அந்த அமைப்பு, நாட்டின் மிகச் சிறந்த நகரப் பேருந்துச் சேவைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஒரு காலத்தில் 4,000க்கும் மேற்பட்ட சொந்தப் பேருந்துகள் அதனிடம் இருந்தன.

2019 ஜனவரியில் பெஸ்ட் தொழிலாளர்கள் ஒன்பது நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டில் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 3,337 சொந்தப் பேருந்துகளைப் பராமரிப்பதாக நிர்வாகம் உறுதியளித்தது. ஆனால், அதே ஒப்பந்தத்தின் மூலம் வாடகைப் பேருந்து முறைக்கும் கதவு திறக்கப்பட்டது. பேருந்தும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரருடையவர். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப மாநகராட்சியின் அமைப்பு பணம் தரும். பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒப்பந்தக்காரரின் வரவு உறுதி, நட்டம் பொதுமக்களுடையது. உறுதிமொழி காற்றில் விடப்பட்டது. பழைய பேருந்துகள் கழிக்கப்பட்டன; புதியவை வாங்கப்படவில்லை. சொந்தப் பேருந்துகள் ஆயிரத்திற்கும் கீழே சரிந்துவிட்டன.

விளைவு என்ன? ஒரே சாலையில் ஒரே வேலையைச் செய்யும் இரு ஓட்டுநர்களுக்கு இரு வேறு ஊதியம். 2023 ஆகஸ்டில் வாடகைப் பேருந்து ஓட்டுநர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கட்டுப்படியாகவில்லை என்று சில ஒப்பந்தக்காரர்கள் நடுவழியில் வெளியேறியபோது, நிறுத்தங்களில் காத்து நின்றவர்கள் உழைக்கும் மக்கள். 2024 டிசம்பர் 9 அன்று குர்லாவில் வாடகை மின்பேருந்து ஒன்று கூட்டத்திற்குள் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. ஓட்டுநருக்கு மின்பேருந்தை ஓட்டப் போதிய பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒப்பந்தக்காரரா, பெஸ்ட் நிர்வாகமா? பொறுப்பைப் பிரித்துக் கரைப்பதே ஒப்பந்த முறையின் இயல்பு. 2025 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது.

இது மும்பையோடு நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் இ-பஸ் சேவை திட்டத்தின் கீழ் 10,000 மின்பேருந்துகள் பொது-தனியார் கூட்டு முறையிலேயே இயக்கப்பட உள்ளன. மின்பேருந்து வரவேற்கத்தக்கது. மாசு குறைய வேண்டும். ஆனால், மின்சாரத்தில் ஓடும் பேருந்து தனியாருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

மாமன்றம் இல்லாத மாநகராட்சி

இந்த நிகழ்வுகளை ஒரு காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடைபெற்றது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், 227 வார்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. காட்கோபர் துயரமும், குர்லா விபத்தும், கட்டண உயர்வும் இந்த இடைவெளியில் நிகழ்ந்தவை. கேள்வி கேட்க அவை இல்லை. கணக்குக் கேட்க நிலைக்குழு இல்லை. அனைத்து அதிகாரமும் அரசு நியமித்த நிர்வாகியிடம் குவிந்திருந்தது.

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்றும், அது முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. ஏட்டில் உள்ள இந்த உரிமைகளை நாட்டில் செயலாக்கிக் காட்ட முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. திட்டங்களை மக்கள் கூடி விவாதிக்க வழிவகுத்தது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

தோழர்களே, நகர்ப்புறங்களில் இடதுசாரி இயக்கம் வலுப்பெற வேண்டுமெனில் இந்தச் சிறிய கோப்புகளைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலாவதாக, எந்தத் துறையின் நிலத்தில் நின்றாலும் நகர எல்லைக்குள் உள்ள எல்லா விளம்பரப் பலகைகளும் உள்ளாட்சியின் அனுமதிக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் உட்பட வேண்டும். அளவு, உரிமதாரர், கட்டணம், உறுதிச் சான்று ஆகியவை அடங்கிய பதிவேடு வார்டு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, நிறுவனங்களின் விண்ணப்பத்திற்குக் காலக்கெடு உண்டெனில், குடிநீர் இணைப்புக்கும் அது உண்டு. குறித்த நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் இணைப்பு வழங்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். பொதுக் கம்பங்களுக்கும் சாலைகளுக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாவதாக, பேருந்துகள் உள்ளாட்சிகளின், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும். நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்கள் முழுமையாக மாமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவை அனைத்திற்கும் அடித்தளமாக, உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடைபெற வேண்டும். வார்டு குழுக்கள் உண்மையில் கூட வேண்டும்.

பலகையின் நிழலில் நின்றவரும், குடத்தோடு வரிசையில் நின்றவரும், பேருந்துக்காகக் காத்து நின்றவரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களின் அன்றாடத் துயரங்கள் தனித்தனிக் குறைகளாக மனுப்பெட்டிக்குள் போய்விடக் கூடாது. அவற்றை ஒரே கோரிக்கையாக இணைத்து, வார்டு தோறும் மக்களைத் திரட்டி, மாமன்றத்தின் வாசல் வரை கொண்டுசெல்வதே இன்றைய கடமை.