மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் தோல் தடிப்பு: தம்பதியர் அறிய வேண்டியவை



மருந்து சாப்பிட்டபின் தோலில் வரும் தடிப்பு, கொப்புளம் பற்றி இன்று பேசுகிறேன். ஊருக்கெல்லாம் நோய் தீர்க்கிற மாத்திரை ஒருவர் உடம்புக்கு மட்டும் சேராமல் போவதுண்டு.

உடம்பெல்லாம் சிவந்து தடித்தால் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை வைத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். வேப்பிலையால் கெடுதல் இல்லை. ஆனால் அது மருந்தால் வந்த தடிப்பாக இருந்து, அதே மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் யோசித்தால் போதாது. வலிப்பு மாத்திரை போன்றவை தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்தும் தடிப்பு வரும். கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக என்னென்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள்.

கூச்சமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்குத் தடிப்பு ஒரே இடத்தில் வட்டமாகச் சிவந்து கொப்புளிக்கும். ஆறினாலும் கறுப்பாகத் தழும்பு நிற்கும். அதே மருந்தை மறுபடி சாப்பிட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். உதட்டில் வரும், பிறப்புறுப்பிலும் வரும். சல்ஃபா மாத்திரை, பேதிக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், வலி மாத்திரை இவற்றால் இப்படி ஆவதுண்டு. விஷயம் தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? "எங்கே போய் வாங்கிட்டு வந்தே?" என்ற பேச்சு எழும். பெண்ணுக்கு வந்தால் பழி இன்னும் பெரிது. புண்ணைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். பால்வினை நோயா, மருந்தால் வந்த புண்ணா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். எதுவானாலும் வைத்தியம் இருக்கிறது.

மாதவிடாய் வயிற்று வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் ஆசிட் மாத்திரை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரிக்கை விடுத்தது. அபூர்வமாகச் சிலருக்கு அதனால் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம் வந்து கல்லீரல் வரை பாதிக்கலாம்.

எல்லாத் தடிப்பும் ஆபத்தானதல்ல. பெரும்பாலும் மருந்தை மாற்றினால் அடங்கிவிடும். ஆனால் காய்ச்சலோடு கண் சிவந்து, வாயும் உதடும் புண்ணாகி, தோல் வெந்தது போல் உரிந்தால் தாமதிக்கக் கூடாது. 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதினார்கள். அவர்கள் பெயராலேயே இந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. உயிரையும் கண்பார்வையையும் பறிக்கக் கூடியது. முகம் வீங்கி மூச்சுத் திணறினாலும் அதே அவசரம்தான். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். "வெள்ளையா, உருண்டையா இருக்கும்" என்றால் எந்த டாக்டருக்கும் விளங்காது.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் ஒரே சமயத்தில் பல மருந்து உடம்பில் ஏறுகிறது. உடனிருக்கும் கணவனோ மனைவியோ கண்ணாக இருக்க வேண்டும். ஊசி போட்டபின் அரிப்பு, தடிப்பு கண்டால் "காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லலாம்" என்று இருக்காமல் நர்ஸிடம் அப்போதே சொல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை வீட்டுக்குப் போகும்போது தரும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அவர் மருந்தின் பெயர் இவருக்கும், இவர் மருந்தின் பெயர் அவருக்கும் தெரிந்திருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாய் திறந்து சொல்ல முடியாதே. கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் திட்டம் நம் நாட்டில் 2010 முதல் நடந்து வருகிறது. நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற எண்ணில் நேரே சொல்லலாம், கட்டணம் கிடையாது.